கிளாரா நுழையக்கூடிய வீடு

அன்று செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. ஏழு பத்துக்குத் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தால்தான் என் மகள் கிளாரா முதல் வகுப்புக்குக் கல்லூரியில் இருக்க முடியும். அதனால் எங்கள் வீட்டில் அந்த வேளையில் எல்லாருடைய கண்ணும் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும். சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"மா, இங்க வாயேன். காலு இருக்குதா இல்லியான்னே தெரியல."

மரத்துப் போயிருக்கும், உதறிவிட்டு வா என்று அடுப்படியில் இருந்தபடியே சொன்னேன். இன்றும் அந்தப் பதில் என்னை உறுத்துகிறது. முந்தின வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. இரண்டு நாளாக முதுகைச் சுற்றி யாரோ பெல்ட் போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிற வலி என்று நான் தைலம் தேய்த்துவிட்டேன்.

மறுபடியும் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர் மக்கு அப்படியே இருந்தது.

"எழுந்திரு கிளாரா, பஸ் போயிடும்."

"எழுந்திருக்கத்தான் சொல்லிக்கினு இருக்கேன். அது கேக்க மாட்டேங்குது மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் உதடு நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவள் அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

என் கணவர் ஞானம் கட்டட மேஸ்திரி. செஞ்சியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருபத்தைந்து வருடமாக வீடு கட்டிக்கொடுக்கிறவர். நான் தொண்டூர் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக்கொடுத்தாலும் நாங்கள் இருந்தது வாடகை மாடி வீடு, பத்தொன்பது படி. அன்று கிளாராவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அவரும் கீழ்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. "பாத்துங்க" என்று நான் கத்தினேன். இறக்கியாகிவிட்டது என்ற நிம்மதிதான் அப்போது எங்களுக்கு. அந்தப் படிகளில் அவள் மறுபடி ஏறப்போவதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

செஞ்சி அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய் என்று கேட்டார். நேற்று மத்தியானம், அப்புறம் வரவே இல்லை என்றாள் கிளாரா. அவர் உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். காலைப் பற்றிப் பேசாமல் சிறுநீரைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற கட்டளைகள் எல்லாம் முதுகெலும்புக்குள் ஓடும் ஒரே தண்டுவடம் வழியாகத்தான் போகின்றன, இரண்டும் ஒன்றாக நின்றால் கோளாறு அங்கே இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்த புதுச்சேரிப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் சின்ன ஊசிமுனையால் அவளுடைய கணுக்காலில் ஆரம்பித்து மெல்ல மேலே தொட்டுக்கொண்டே வந்தார்.

"இங்க?"

"இல்ல சார்."

"இங்க?"

"யாரோ தொடுற மாதிரி இருக்குது. குத்துற மாதிரி இல்ல."

தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே வந்ததும் "ஐயோ" என்று துள்ளினாள். அந்த இடத்தில் நீலப் பேனாவால் வயிற்றின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே என் மகள் இருந்தாள். கீழே இருந்தது யாரென்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் எடுக்கும் இயந்திரம் அது. உலோகம் எதுவும் கூடாது என்று தோடு, கொலுசு, கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிக்கொடுத்தார்கள். என் கணவர் அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார். சிமென்ட் அரித்து வெடித்த கைகள். உள்ளே இயந்திரம் தடதடவென்று அடிக்கும்போதெல்லாம் அந்தக் கைகள் இறுகின. "காங்கிரீட் கலவ மிஷின் மாதிரி சத்தம் போடுது. பாப்பா பயப்பட மாட்டா, கேட்டு வளந்த சத்தந்தான்" என்றார். அது எனக்குச் சொன்னது இல்லை, அவருக்கு அவரே சொல்லிக்கொண்டது.

அடுத்து முதுகிலிருந்து தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை எடுத்தார்கள். மெல்லிய ஊசி, ஒரு சின்னக் குப்பியில் சில துளிகள், அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று பார்க்க. மறுநாள் பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நோயின் பெயர் டிரான்ஸ்வர்ஸ் மைலைடிஸ். காய்ச்சல் வந்தபோது கிருமியோடு சண்டை போட எழுந்த உடம்பின் சொந்தப் படை, சண்டை முடிந்த பிறகும் அடங்காமல் தண்டுவடத்தையே தாக்கிவிட்டது. அந்த இடம் வீங்கிவிட்டது. மூளை அனுப்பும் செய்தி வீக்கத்தைத் தாண்டிக் கீழே போகவில்லை.

என் கணவர் அதைத் தன் தொழிலில் வைத்துப் பார்த்தார். "அதாவது சார், செவத்துக்குள்ள போற பைப்புல ஒயரு ஒரு எடத்துல கருகிடுச்சு. மெயின்ல கரண்ட் இருக்குது. லைட்டும் நல்லா இருக்குது. நடுவுல போவல."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"செவத்த ஒடைச்சி ஒயர மாத்த முடியாதா சார்?"

"முடியாதுங்க. வீக்கத்த வத்த வைக்கலாம். மிச்சத்த உடம்புதான் செய்யணும். சிலருக்கு நடை முழுசாத் திரும்பிடும். சிலருக்குப் பாதி. சிலருக்குச் சக்கர நாற்காலிதான். மாசக்கணக்கா ஆகும். இன்னிக்கே எதையும் சொல்ல முடியாது."

ஐந்து நாள் ஸ்டீராய்டு மருந்து நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறியது. வீக்கத்தை அடக்கும் மருந்து, கூடவே பசியைக் கிளப்பிவிடும் மருந்து. கிளாராவின் முகம் உப்பிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கட்டிலில் யாராவது பொட்டலம் பிரித்தால் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். "மா, அவங்க வட வெச்சிருக்காங்க. நீ இன்னா மா வெறும் ரொட்டியக் குடுக்குற" என்பாள். அதற்கப்புறம் ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் சண்டை போடும் பொருள் கலந்திருக்கும் நீர்ப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்ப உள்ளே செலுத்தும் சிகிச்சை, ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த நாட்களில் குளிரில் அவள் பல் கிட்டிக்கொள்ளும்.

பெண்கள் வார்டு என்பதால் துணைக்கு நான் மட்டும்தான் உள்ளே. அவர் வெளியே வேப்பமரத்தடியில் கோணி விரித்துக் கிடந்தார். பார்வை நேரம் ஆரம்பித்த நிமிடமே உள்ளே வருவார். நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போவார்.

"பாப்பா, கட்டவெரல ஆட்டு."

"ஆட்டிட்டேன் நைனா."

"எங்க?"

"மனசுல."

காலை ரவுண்டில் டாக்டர் ஊசிமுனையால் மறுபடி பார்த்து, கோட்டை அழித்துப் புதுக் கோடு போடுவார். இரண்டாம் வாரத்தில் அது தொப்புளுக்கு நான்கு விரல் கீழே வந்தது. நான்கு விரல் அகலத்துக்கு என் மகள் எனக்குத் திரும்பக் கிடைத்தாள் என்று அன்று வார்டு முழுக்கப் போய்ச் சொன்னேன். பிறகு கோடு அங்கேயே நின்றுவிட்டது.

நான்காம் வாரம் எங்களை மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். இயன்முறைப் பயிற்சி தருகிற நித்யா அங்கேதான் எங்களுக்கு அறிமுகமானாள். கிளாராவைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குக் கைகளை ஊன்றி மாறுவது, புண் வராமல் இருக்க அடிக்கடி உடம்பைத் தூக்கி உட்காருவது, சிறுநீரைக் குழாய் வைத்துத் தானே எடுத்துக்கொள்வது எல்லாவற்றையும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். திட்டவும் செய்வாள். "அம்மா, நீங்க கை குடுக்காதீங்க. நீங்க குடுத்தா அவ கை எதுக்கு இருக்குது?"

ஒருநாள் கையில் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தாள். "பத்து நாள்ல வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டப் பத்திக் கொஞ்சம் கேக்கணும். வாசல்ல எத்தன படி?"

"பத்தொம்போது" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒரு மாதமாக நடை வருமா வராதா என்று மட்டும் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். வீடு என்று ஒன்று இருப்பதும் அது மாடியில் இருப்பதும் நினைவுக்கே வரவில்லை. நித்யா மெதுவாகச் சொன்னாள்: "இங்க நல்லா தேறிட்டுப் போறவங்க பல பேரு வீட்டுக்குப் போய்ப் படுத்துடறாங்கம்மா. வியாதி இல்ல. வீடு. கட்டில்லேர்ந்து எறங்கி எங்கயும் போக வழி இருக்காது. பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. தூக்கறவங்க வேலைக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்காம இருப்பாங்க. அப்புறம் புண்ணு, சிறுநீர்ல கிருமி, திரும்பி இங்கயே வருவாங்க."

கிளாரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். "விடு மா. நம்ம ஊர்ல ராஜாவே மலைக்கோட்டைல படி ஏறித்தான் வீட்டுக்குப் போனாரு. எனக்கு மட்டும் தனியாவா கட்டி வெச்சிருப்பாங்க?" என்றாள். நித்யா சிரித்தாள். நான் முகம் கழுவப் போகிற மாதிரி எழுந்து போனேன்.

என் கணவர் அன்றே செஞ்சிக்கு பஸ் ஏறினார். பத்து நாளுக்குள் தரைத்தள வீடு ஒன்று பார்க்க வேண்டும். மேஸ்திரிக்குத் தெரியாத வீடா, ஊரில் பாதி அவர் கட்டியதுதானே என்று எனக்குத் தைரியம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் சாயங்காலம் போனில் அவர் குரல் வேறுமாதிரி இருந்தது.

"பஜார் பின்னால ஒரு வீடு காலியா இருக்குது. அஞ்சு படி. நான் கட்டனதுதான்."

"வேற?"

"மார்க்கெட் கமிட்டி பக்கம் ஒண்ணு. படி மூணுதான். ஆனா ரூமுக்கு ரூம் ஒரு வாசப்படி வெச்சிருக்குது. அதுவும் நான் வெச்சதுதான்."

எங்கள் பக்கத்தில் ஏன் இப்படி என்று அவரிடமே கேட்டால் காரணம் சொல்வார். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்துகிறார்கள், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க அடித்தளத்தைத் தூக்கத்தான் வேண்டும். தூக்கினால் படி. படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். லாபம், நஷ்டம், லாபம் என்று எண்ணிக்கொண்டே ஏறினால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். இரண்டு படி போதும் என்கிற இடத்திலும் மூன்றாவதைச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். குளியலறைக்கு மிச்சமிருக்கிற மூலைதான் கிடைக்கும், கதவு இரண்டடிக்கு மேல் இருக்காது. வயசானால், விழுந்தால் என்று கட்டுகிற நேரத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. நல்ல காரியத்தில் அபசகுனம்.

மூன்றாம் நாள் அவர் போனே செய்யவில்லை. நானே கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா என்றதற்குப் பசி இல்லை என்றார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். குமார் என்று ஒரு லாரி டிரைவர். ஏழு வருடத்துக்கு முன்னால் இவர்தான் அவருக்கு வீடு கட்டிக்கொடுத்தார். அந்த வீட்டில் ஒரு பகுதி வாடகைக்கு என்று யாரோ சொல்லப் போயிருக்கிறார். வாசலில் கூப்பிட்டால் ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்திருக்கிறது. விபத்தில் குமாருக்கு இரண்டு காலும் போய் இரண்டு வருடமாகிறது. இவருக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஊர், நான்கு தெரு தள்ளி.

"வெளிய வந்தா தான தெரியும்" என்றார் என் கணவர். "அஞ்சு படி. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மட்டும் நாலு பேர் வந்து எறக்குவாங்களாம். என்னப் பாத்ததும் இன்னா சொன்னான் தெரியுமா? 'மேஸ்திரி, ஜன்னல நல்லா பெருசா வெச்ச. ரொம்ப தேங்க்ஸ்'ன்னான். கிண்டலுக்குச் சொல்லல. நெஜமாத்தான் சொன்னான்."



மறுநாள் காலை பார்வை நேரத்துக்கு ஆளே வந்து நின்றார். கண்ணில் தூக்கமில்லை, ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். சரோஜா அக்கா வீடு கிடைத்துவிட்டது. கண்டக்டராக இருந்த கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறவர். வீட்டை இரண்டாகத் தடுத்து முன்பகுதியை வாடகைக்கு விடுகிறார். மூன்று படி, உள்ளே வாசப்படி இல்லை, சமதளம். நடந்த பேச்சை அவர் சரோஜா அக்கா குரலிலேயே கட்டிலருகில் நின்று நடித்துக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணு படிய ஒடைச்சி சரிவு போடணுங்கறியா? லாபத்துல முடியணும்னு எண்ணி எண்ணிக் கட்டனவனே நீதான மேஸ்திரி?"

"சரிவுல எண்ணவே வேணாங்க்கா. நஷ்டமே வராது."

"வாய் மட்டும் கொறையல. சரி, படிய ஒடைச்சிக்கோ. ஆனா நெலப்படி மேல கைய வெச்ச, தொலைச்சிடுவேன். நெல வெச்ச அன்னிக்கு அதுக்கடியில நவதானியமும் காசும் போட்டது நெனவு இருக்குதா?"

வாசற்காலின் கீழ்க்கட்டைதான் நிலைப்படி. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்கள், அதை மிதிக்க மாட்டார்கள், தாண்டித்தான் போவார்கள். அதை அறுக்க மாட்டேன், இரண்டு பக்கமும் சின்னதாகச் சாய்வு போட்டு வண்டியை ஏற்றி இறக்கிவிடுகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். வண்டி அதன் மேலே ஏறுமே என்று சரோஜா அக்கா தயங்கியிருக்கிறார். பிறகு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். பின்பக்கம் கொல்லையில் ஒரு கதவு இருக்கிறது. அதற்கு நிலைப்படி கிடையாது. பெண்ணை அந்த வழியாகக் கூட்டி வந்துவிடேன்.

இந்த இடம் வந்ததும் அவர் நடிப்பை நிறுத்திவிட்டார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எங்கப்பன் கொல்லப்பக்கம் நின்னுதான் கூலி வாங்கினு போனாரு. நானும் சின்ன வயசுல அந்தாண்டதான் நின்னிருக்கேன். எம்பொண்ணு பி.காம் படிக்கிறா, அவ முன்வாசல்லதான் வரணுங்க்கா, இல்லன்னா வேற வீடு பாத்துக்கறேன்னுட்டேன்."

"ஐயோ. அதுக்கு அந்தம்மா?"

"உள்ள போயி தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, 'இந்த நெலய வெச்சதே நீ. உம்பொண்ணு எதுக்குப் பின்னால வரணும்? போய் வேலயப் பாரு. வெள்ளிக்கெழம காலைல மஞ்ச காயற வரிக்கும் மட்டும் வண்டிய ஏத்த வேணாம்னு சொல்லு'ன்னாங்க."

"அவ்ளோ தான? வெள்ளிக்கெழம லேட்டா எழுந்துக்கறேன்" என்றாள் கிளாரா.

சரிவுக்கு நித்யா கணக்குச் சொன்னாள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அப்போதுதான் உட்கார்ந்திருப்பவர் தன் கையாலேயே ஏற முடியும். வங்கி வாசலிலும் ஆபீஸ் வாசலிலும் இருக்கிற மாதிரி செங்குத்தாகப் போட்டால் அது இரு சக்கர வண்டி ஏற்றத்தான் ஆகும். மூன்று படிக்கு உயரம் ஒன்றரை அடி. பதினெட்டு அடி நீளம். வாசலில் இருந்ததோ பத்தடி. அவர் தாளின் பின்பக்கம் வரைந்து பார்த்தார். சுவரோரமாக ஏறி, நடுவில் நாற்காலி திரும்ப ஐந்தடிச் சமதளம் விட்டு, மடங்கி வாசலுக்கு வருகிற மாதிரி. அவர் வரையும்போது கிளாரா தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவறு நான் செய்தது. குளியலறைக் கதவு இரண்டடி, நாற்காலி எவ்வளவு அகலம் என்று அவர் போனில் கேட்டார். நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் பதினெட்டு அங்குலம் என்று சொன்னேன். தினமும் பார்சலை அளந்து எடை போட்டு வாங்குகிறவள் நான். ஒரு சாமான் மேல் அச்சடித்திருப்பதை நம்பாமல் அளந்து பார் என்று ஊருக்கே சொல்கிறவள். "அப்ப ஆறு அங்குலம் மிச்சம், கதவத் தொட வேணாம்" என்று அவர் சந்தோஷமாகச் சரிவு வேலையை மட்டும் முடித்தார். சக்கரம் வழுக்காமல் இருக்க ஈரச் சிமென்டில் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து, சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை நித்யா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பதினெட்டா? அம்மா, அது உக்கார்ற எடத்தோட அளவு. ரெண்டு சக்கரமும் தள்ற வளையமும் சேத்தா இருபத்தஞ்சுக்கு மேல. அவ கை வேற இருக்குது."

திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் எல்லா இடத்துக்கும் போவாள், குளியலறைக்கு மட்டும் போக முடியாது. அவளை ஈரத் தரையில் பார்த்த அந்தக் காலை கண்முன் வந்து நின்றது. போனில் அவரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"அட, இதுக்கா? மட்டக்கோல வெச்சினு சுத்தறவன் நானு. ஒரு வாட்டி நேர்ல வந்து அளந்திருக்க வேணாமா? உன் மேல இன்னா தப்பு?" என்றார். பிறகு யாரிடமோ, "அக்கா, பாத்ரூம் செவுரு ஒரு அடி போவுது" என்பது கேட்டது. தூரத்தில் சரோஜா அக்கா குரல்: "வீட்டையே எடுத்துக்கோயேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உடைத்தார். மூன்றடி வாசல், உள்ளே இடம் அடைக்காமல் வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கழிப்பிடத்தின் இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி. கூலி ஆள் வைத்துக்கொள்ளவில்லை. கம்பி பலமாக இருக்கிறதா என்று தானே தொங்கிப் பார்த்ததாகச் சொன்னார்.

இதை எழுதும்போது இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கால்களுக்கு இரும்புத் தாங்கி கட்டி, நடைச்சட்டத்தைப் பிடித்துச் சில நிமிடம் நிற்கிறாள். வலது கட்டைவிரல் நிஜமாகவே ஆடுகிறது, மனசில் மட்டும் இல்லை. நடை வந்தாலும் வராவிட்டாலும், அவள் எழுந்து தன் வேலையைத் தானே செய்துகொள்ள ஒரு வீடு இருக்கிறது. இது எங்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம் வீட்டில் ஒரு மேஸ்திரி இருந்ததும் ஒரு சரோஜா அக்கா இருந்ததும்தான். இரண்டும் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? குமார் வீட்டுக்கு இவர் சரிவு போட்டுவிட்டார். அந்த வாசலில் இடம் போதாமல் தெருப்பக்கம் இரண்டடி நீட்ட வேண்டி வந்தது, அதற்கே எத்தனையோ பேச்சு. இப்போது புது வீடு கட்ட வருகிறவர்களிடம் இவர் முதலில் சரிவைப் பற்றித்தான் கேட்கிறார். "பூஜ போடறப்ப அபசகுனமா பேசாத மேஸ்திரி" என்று ஒருவர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். இதைப் படிக்கிறவர்களில் வீடு கட்டப்போகிறவர்கள் இருந்தால் என்னைத் தவறாக நினைக்க வேண்டாம். ஒரு சரிவு, மூன்றடியில் ஒரு குளியலறைக் கதவு. கட்டும்போதே வைத்தால் எதையும் இடிக்க வேண்டியதில்லை. யாருக்காவது, ஏதாவது ஒரு காலையில், ஆறு நாற்பதுக்குத் தேவைப்படலாம்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் வேன் சரோஜா அக்கா வீட்டு வாசலில் நின்றது. அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். நித்யா சொல்லிக்கொடுத்தபடி கிளாரா இருக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறினாள். ஆரத்தி சுற்றியாயிற்று. அவள் அப்பா பின்னால் போய்க் கைப்பிடியில் கை வைத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வளையத்தைப் பிடித்துத் தள்ளி ஏறினாள். பாதி வழியில் மூச்சு வாங்கியது. சமதளத்தில் நின்று, திரும்பி, மறுபடி ஏறினாள். நிலைப்படியில் முன்சக்கரம் ஒரு முறை தயங்கித் தாண்டியது. சரோஜா அக்கா கண்ணை மூடித் திறந்தார். கூடம், அறை, அடுப்படி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். தண்ணீர் கொட்டும் சத்தம். அவர் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை.

கதவு திறந்தது. ஈர முகத்தோடு வந்தாள். எங்களிடம் எதுவும் பேசாமல் கூடத்தைக் கடந்து நேராக வாசலுக்குப் போனாள். நிலைப்படியைத் தாண்டி, சரிவில் இறங்கி, திரும்பி, மறுபடி இறங்கி, தெருவுக்கே போய்விட்டாள். வேன்காரர் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் பதறிக்கொண்டு ஓடினோம்.

"எங்க பாப்பா போற?" என்று அவர் கத்தினார். "இன்னா வேணும்? எங்கிட்ட சொல்லு, நான் போறேன்."

அவள் நடுத்தெருவில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றாள்.

"ஒண்ணும் வேணாம் நைனா. வெளிய போவ முடியுதான்னு பாத்தேன்."